ஒருவர் வெட்டச் சொல்கிறார், மற்றவர் விடச் சொல்கிறார்: யாரை நம்புவது?

நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 61 வயது, பத்து வருடமாகச் சீனி வருத்தம். வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கானில் பித்தப்பையில் கல் என்று வந்திருக்கிறது. திருகோணமலையில் சனல் பண்ணிக் (தனியாகக் காசு கட்டி நேரம் எடுத்து) காட்டிய சத்திரசிகிச்சை நிபுணர், "இது கிடக்கட்டும், ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்று அனுப்பிவிட்டார். மனம் ஆறாமல் கண்டிக்குக் கொண்டுபோய்க் காட்ட, அங்கே இருந்தவர், "சீனி வேறு இருக்கிறது, எடுத்துவிடுவதுதான் நல்லது" என்று திகதியும் குறித்துக் கொடுத்துவிட்டார். "இரண்டு பேரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். இரண்டு பேரும் சரியாக இருக்க முடியாது. ஒருவருக்கு விஷயம் தெரியாது, அல்லது மற்றவருக்குக் காசு வேண்டும். எது என்று சொல்லுங்கள்" என்பது கேள்வி.

கல்லைப் பற்றிக் கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் தம்பிக்கு உண்மையில் உறுத்துவது வேறு. ஒரே உடம்பைப் பார்த்து, ஒரே புத்தகங்களைப் படித்த இரண்டு பேர் எப்படி எதிரெதிராகச் சொல்லலாம் என்பதுதான். முதலில் அதைச் சொல்லிவிட்டு அம்மாவிடம் வருகிறேன்.

நான் சத்திரசிகிச்சை நிபுணர் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மெடிக்கல் ஒபிசராக இருந்தவன். அதில் பெரும்பகுதி சத்திரசிகிச்சை வார்ட்டுகளில். நிபுணர்கள் இடமாற்றத்தில் வருவார்கள், சில வருடம் இருப்பார்கள், போவார்கள். என்னைப் போன்றவர்கள் அங்கேயே கிடப்போம். அதனால் நிபுணர்களுக்கே கிடைக்காத ஒரு காட்சி எங்களுக்குக் கிடைக்கும். அதே வார்ட், அதே கட்டில்கள், அதே ஊர்களிலிருந்து அதே மாதிரி நோயாளர்கள் வருகிறார்கள். மேலே இருக்கிற ஆள் மட்டும் மாறுகிறார். ஆள் மாறியதும் யாரை வெட்டுவது, யாரை விடுவது என்பதும் மாறிவிடும்.

ஒரு காலத்தில் எங்கள் நிபுணர் ஸ்கானில் கல் என்று கண்டால் உடனே லிஸ்டில் பெயரைப் போடச் சொல்வார். காத்திருப்போர் கொப்பி இரண்டு வருடத்துக்கு நிரம்பிக் கிடந்தது. அவர் மாறிப்போக, வெளிநாட்டுப் பயிற்சி வருடத்தை இங்கிலாந்தில் முடித்துவிட்டு நேரே வந்த ஒரு இளம் நிபுணர் பொறுப்பெடுத்தார். முதல் வேலையாக அந்தக் கொப்பியை எடுத்து, ஒவ்வொருவரையும் கிளினிக்குக்கு அழைத்து, வேதனை இல்லாதவர்களின் பெயரை வெட்டினார். ஏறக்குறையப் பாதிப்பேர் போய்விட்டார்கள். மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், ஒன்றரை வருடம் திகதிக்குக் காத்திருந்தவர், என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "அப்ப முந்தின டொக்டர் பொய் சொன்னவரா, இல்லாட்டி இவருக்கு வெட்டத் தெரியாதா?" என்றார். தம்பி, உங்கள் கேள்வியேதான். அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. "ரெண்டு பேரும் நல்லவங்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பினேன். அவர் நம்பவில்லை, நம்பாததும் நியாயம்.

பிறகு பல நாள் தேநீர்ப் பேச்சில்தான் விளங்கியது. முதலாமவர் முன்பு வேறொரு மாவட்டத்தில் இருந்தபோது, கல் இருந்த ஒரு பெண்ணிடம் "பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லியிருக்கிறார். சில மாதத்தில் அந்தக் கல் நழுவிக் குழாயை அடைத்து, கணையம் வீங்கி, அந்தப் பெண் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவர் கல்லைக் கண்டால் விடுவதில்லை. இளையவருக்குப் பின் வந்த இன்னொருவரின் அனுபவம் நேர் எதிர். வேதனையே இல்லாத ஒருவரின் பித்தப்பையை எடுக்கப் போய்ப் பித்தக்குழாய் காயப்பட்டு, அந்த ஆள் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்திருக்கிறார். அவர் நோயாளியிடம் நாலு தரம் கேட்டுத்தான் கத்தியைத் தொடுவார். இரண்டு ஆபத்தும் உண்மை. கமரா வழியாகச் செய்யும் ஒப்பரேஷனில் பித்தக்குழாய் காயப்படுவது ஆயிரத்துக்குச் சில பேருக்கு நடக்கிறது. கல் இறங்கிக் கணைய அழற்சி வருவதும் அதே போல அரிதாக நடக்கிறது. இரண்டும் அரிது என்பதால் ஒரு மனிதரின் வாழ்நாளில் இரண்டையும் சம அளவில் பார்ப்பது அபூர்வம். எது முதலில் தன் கையில் நடந்ததோ, அதுதான் பெரிதாகத் தெரியும்.

இது நம் நாட்டு வைத்தியர்களின் வருத்தம் என்று நினைக்க வேண்டாம். 1934இல் நியூயோர்க்கில் 11 வயதுப் பாடசாலைப் பிள்ளைகள் 1,000 பேரை எடுத்துப் பார்த்தார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே டொன்சில் எடுத்தாகிவிட்டது. மிச்சம் 389 பேரை வைத்தியர்களிடம் காட்ட, 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். தேவையில்லை என்று விடப்பட்ட 215 பேரை வேறு வைத்தியர்களிடம் காட்ட, 99 பேருக்கு எடுக்க வேண்டும் என்று வந்தது. அதிலும் தப்பிய 116 பேரை மூன்றாவது தடவை வேறு ஆட்களிடம் காட்ட, 51. கடைசியில் டொன்சிலோடு வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்தது 65 பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு தடவையும் முன்னால் இருப்பவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைய, அது யாராக இருந்தாலும்! வைத்தியர்கள் தொண்டையைப் பார்த்தார்களா, தங்கள் பழக்கத்தைப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றும். 1938இல் கிளோவர் என்ற பிரித்தானிய வைத்தியர் இங்கிலாந்தின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, லண்டனை ஒட்டிய ஹோன்சியில் 1929இல் பாடசாலை வைத்திய அதிகாரி மாறியதும் டொன்சில் ஒப்பரேஷன் முன்பிருந்ததில் ஒரு சிறு பங்காகக் குறைந்திருந்தது தெரிந்தது. பிள்ளைகள் மாறவில்லை, அதிகாரி மாறினார். எங்கள் வார்ட்டின் கொப்பி எனக்கு அப்போதுதான் விளங்கியது. 1973இல் வென்பேர்க் என்பவர் அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்தில் பார்த்தபோதும் அதே கதை. பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கிடையே பத்து மடங்கு வித்தியாசம்.

இதை எப்படித் தீர்ப்பது என்று யோசித்தவர்கள் 1980களின் நடுவில் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். ராண்ட் என்ற ஆய்வு நிறுவனமும் லொஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. ஒன்பது நிபுணர்களை எடுப்பார்கள். ஒரு சிகிச்சையைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து எல்லோருக்கும் ஒரே கட்டாகக் கொடுப்பார்கள். பிறகு நூற்றுக்கணக்கான நோயாளி வகைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை புள்ளி போடச் சொல்வார்கள். 7 அல்லது அதற்கு மேல் என்றால் நன்மை தெளிவாகக் கூட, செய்யலாம். 3 அல்லது அதற்குக் கீழே என்றால் செய்யக்கூடாது. 4, 5, 6 என்றால் இழுபறி. தனியே ஒரு தடவை போட்டபின் ஒரு மேசையைச் சுற்றி இருத்தி, கதைக்கவிட்டு, மறுபடி போடச் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம், ஒத்துப்போகும்படி யாரையும் நெருக்கமாட்டார்கள். ஒத்துப்போகாவிட்டால் "இங்கே ஒத்துப்போகவில்லை" என்றே எழுதிக்கொள்வார்கள். அப்படி முதலில் எடுத்த ஆறு சிகிச்சைகளில் பித்தப்பையை எடுப்பதும் ஒன்று.

வந்த விடை என்ன? இரண்டு ஓரத்திலும் பெரும்பாலும் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். நடுவில் பிரிந்தார்கள், ஒரே கட்டுக் காகிதத்தைப் படித்த பிறகும். இருதய ஒப்பரேஷனுக்கு அமெரிக்கக் குழுவையும் பிரித்தானியக் குழுவையும் தனித்தனியே இருத்தியபோது, அமெரிக்கர்கள் சரி என்ற பலதைப் பிரித்தானியர்கள் வேண்டாம் என்றார்கள். ஒரு சிகிச்சையைத் தன் கையால் செய்கிறவர்கள், அதைச் செய்யாத மற்றத் துறைக்காரர்களைவிடக் கூடப் புள்ளி போட்டார்கள். பிரித்தானியாவில் பித்தப்பைக்கே, சத்திரசிகிச்சை நிபுணர்கள் மட்டும் இருந்த குழு ஒன்றையும் கலப்புக் குழு ஒன்றையும் வைத்துப் பார்த்ததில் இதே சாய்வு தெரிந்தது. தச்சரிடம் போய்க் கதவு நல்லதா, திரைச்சீலை நல்லதா என்று கேட்டால் என்ன சொல்வார்? பொய் சொல்லமாட்டார். அவர் கண்ணுக்குக் கதவுதான் தெரியும்.

இடமும் இதில் சேரும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வேதனை குறைந்த ஹேர்னியாவை (குடலிறக்கத்தை) உடனே வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று வட அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கலாம், குடல் நெரிபடுவது ஆயிரத்தில் இரண்டு பேருக்குக் கூட ஒரு வருடத்தில் வருவதில்லை என்றது விடை. நல்ல ஆய்வு. ஆனால் அந்த ஆட்களுக்கு வாசலில் வாகனம், அரை மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்துச் சனம் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறித்தான் இங்கால வரவேண்டும், போர்க்காலத்தில் இரவில் வெளிக்கிடுவதே பெரிய காரியம். அந்தக் காலத்தில் கிண்ணியாவிலிருந்து ஒரு மீனவர் ஹேர்னியாவோடு வந்தால் பகலிலேயே வெட்டித் தைத்து அனுப்புவதுதான் புத்தி. இன்றைக்கு அதே ஆளுக்கு "பார்ப்போம்" என்று சொல்லலாம். இடையில் ஹேர்னியா மாறவில்லை, பாலம் வந்தது. குச்சவெளியில் இரவிரவாகக் கடலில் நிற்கிறவருக்கு நான் இன்றைக்கும் வெட்டச் சொல்லித்தான் நினைப்பேன்.

சரி, காசு. கேட்டுவிட்டீர்கள், மழுப்பக்கூடாது. தனியார் ஆஸ்பத்திரியில் வெட்டினால் வருமானம், வேண்டாம் என்றால் சனல் பீஸோடு சரி. இந்த இழுவை எந்த மனிதரையும் கொஞ்சமாவது தொடும். கண்டி நிபுணரை அது தொட்டதா என்பதை இங்கிருந்து யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். ஆனால் மேலே சொன்ன எங்கள் வார்ட்டில் யாருக்கும் ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. அங்கேயும் இதே பிரிவு இருந்தது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அரசாங்கத்தில் ஒப்பரேஷன் தியேட்டர் நாள் குறைவு, லிஸ்ட் நீளம் என்றால் "தேவையில்லை" என்ற சொல் வாயில் லேசாக வரும். 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டால் நாடு முழுக்க அவசரமில்லாத ஒப்பரேஷன்களைத் தள்ளிப்போட்ட மாதங்களில், அந்தச் சொல் எனக்கே எவ்வளவு சுலபமாக வந்தது என்பது ஞாபகம் இருக்கிறது.

இனி அம்மா. உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். கல் இருக்கிறது, ஆனால் அதனால் ஒரு வருத்தமும் இல்லை என்றால் விட்டுவிடலாம். இப்படித் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுபவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேருக்கு அந்தக் கல் ஒன்றும் செய்வதில்லை. பித்தப்பைச் சுவர் சுண்ணாம்பு பிடித்திருந்தால், கல் 3 சென்ரிமீற்றருக்கு மேல் பெரிதென்றால், கூடவே 1 சென்ரிமீற்றர் அளவில் சதை வளர்ச்சி இருந்தால் நிபுணர்கள் வேறு மாதிரி யோசிப்பார்கள்; ஸ்கான் அறிக்கையில் அது எழுதியிருக்கும், பாருங்கள். மறு ஓரத்தில், பித்தப்பை அழற்சி, மஞ்சள் காமாலை, கல்லால் வந்த கணைய அழற்சி என்று ஏதாவது ஒன்று வந்திருந்தால் எடுக்கத்தான் வேண்டும். இந்த இரண்டிலும் திருகோணமலையும் கண்டியும் கொழும்பும் ஒன்றுதான் சொல்லும்.

சீனி வருத்தம் மட்டும் ஒரு காரணமா? ஒரு காலத்தில் ஆம் என்றுதான் படித்தோம். நீரிழிவுக்காரருக்கு அழற்சி வந்தால் கடுமையாக வரும், அதனால் முந்திக்கொண்டு எடு என்பது பாடம். பிறகு கணக்குப் பார்த்தபோது, வருத்தமே இல்லாத நீரிழிவுக்காரர் எல்லோருக்கும் எடுப்பதால் நன்மை கூடவில்லை என்று தெரிந்து, இப்போதைய வழிகாட்டல்கள் அதைச் சொல்வதில்லை. ஆகவே "சீனி இருக்கிறது, எடு" என்பது மட்டும்தான் காரணம் என்றால், இந்த ஒரு இடத்தில் நான் திருகோணமலைக்காரர் பக்கம்.

ஆனால் தம்பி, உங்கள் கேள்வியின் கடைசி வரியில் ஒரு விஷயம் போகிற போக்கில் இருக்கிறது. "அம்மாவுக்குச் சாப்பிட்டதும் வயிறு ஊதும், சிலவேளை முதுகு உளையும், அது வாயு என்று நினைத்து அம்மா இங்கே சொல்லவில்லை. கண்டியில் நான்தான் கதைத்தேன், எல்லாம் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டு நிபுணர்களும் பார்த்தது ஒரே நோயாளியை இல்லை. இங்கே ஒன்றும் இல்லாத ஒரு அம்மா வந்தார். அங்கே வயிற்றுப்பொருமலும் முதுகு உளைவும் உள்ள ஒரு அம்மா வந்தார். நம் சனம் எல்லாவற்றையும் வாயு, செமியாக்குணம் என்று மூடிவைத்துவிடும். பிள்ளைகள் போனால் திறந்து கொட்டிவிடுவார்கள். என் கணக்கில், நிபுணர்கள் முரண்படுகிறார்கள் என்று வந்தவர்களில் கணிசமான பேருக்கு முரண்பாடு இருந்தது அவர்கள் சொன்ன கதையில்.

அந்தப் பொருமலும் உளைவும் கல்லால் வருகிறதா என்பதுதான் இப்போது இழுபறியான இடம், 4, 5, 6 புள்ளிக்காரர் உட்காரும் இடம். கல்லால் வரும் வேதனைக்கு ஒரு முகம் உண்டு. மேல்வயிற்றில் அல்லது வலது விலாவுக்குக் கீழே, பிடித்தால் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல், சிலவேளை பல மணித்தியாலம் விடாது, வலது தோளுக்கோ முதுகுக்கோ ஓடும், இரவில் எழுப்பிவிடும். வெறும் பொருமல், ஏப்பம், நெஞ்செரிவு பெரும்பாலும் அதில்லை. நெதர்லாந்தில் கல்லும் வயிற்று வேதனையும் உள்ள 1,067 பேரை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வில், கட்டுப்பாடாகத் தெரிவு செய்து வெட்டினாலும் வழக்கம் போல வெட்டினாலும் ஒரு வருடம் கழித்து வேதனை இல்லாதவர்கள் நூறில் அறுபது பேரை ஒட்டித்தான். மிச்சப் பேருக்குப் பித்தப்பை போன பிறகும் ஏதோ ஒரு வேதனை இருந்தது. பிரித்தானியாவில் 434 பேரை வைத்துச் செய்து 2023இல் வெளியான இன்னொன்றில், பொறுத்துப் பார்க்கச் சொன்னவர்களுக்கும் வெட்டச் சொன்னவர்களுக்கும் 18 மாதத்தில் வேதனையில் பெரிய வித்தியாசம் இல்லை. பொறுத்தவர்களில் கால்வாசிப்பேர் அதற்குள் வெட்டிக்கொண்டார்கள். ஆகவே பொறுப்பதும் முட்டாள்தனம் இல்லை, வெட்டுவதும் குற்றம் இல்லை. (கமரா ஒப்பரேஷன் வந்த பிறகு பல நாடுகளில் பித்தப்பை எடுப்பவர் தொகை கூடியது. சனத்தின் வயிற்றில் திடீரென்று கல் கூடவில்லை. வெட்டு சின்னதானதும் எல்லோருக்கும் மனம் லேசானது.)

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் அம்மாவை ஒரு மாதம் கவனிப்பேன். எப்போது பிடிக்கிறது, எவ்வளவு நேரம், என்ன சாப்பிட்டபின், எங்கே என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நீங்கள் எழுதுங்கள், சொல்வது அவராக இருக்கட்டும். பிறகு அந்தக் கொப்பியையும் ஸ்கானையும் கொண்டு திருகோணமலை நிபுணரிடமே திரும்பப் போங்கள். கண்டியில் என்ன சொன்னார்கள் என்பதை ஒளிக்காதீர்கள். முதல் வைத்தியரைச் சோதிப்பதற்காக இரண்டாமவரிடம் மறைப்பதும், பிறகு முதலாமவரிடம் போகவே வெட்கப்படுவதும் நம் ஊர்ப் பழக்கம். கோபிப்பவர்களும் இருக்கிறார்கள்தான், நான் கண்டவர்களில் அது குறைவு. "எடுக்கவா, விடவா" என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். "எடுத்தால் அம்மாவின் எந்த வேதனை போகும் என்று நினைக்கிறீர்கள் சேர், எது போகாது?" என்று கேளுங்கள். "எடுக்காவிட்டால் இவரைப் போல நூறு பேரில் எத்தனை பேர் அவசரமாக வருவார்கள்?" என்று கேளுங்கள். "நீங்கள் ஏன் அப்படி, அவர் ஏன் இப்படி?" என்றும் கேட்கலாம். நல்ல நிபுணர் மற்றவரின் நியாயத்தைத் தன் வாயால் சொல்லிக் காட்டுவார்.

அம்மாவிடமும் கேளுங்கள். உங்கள் கேள்வி முழுக்க அவருடைய ஒரு சொல்லும் இல்லை. சிலருக்கு வயிற்றுக்குள் ஒன்று கிடக்கிறது என்ற நினைப்பே தூக்கத்தைக் கெடுக்கும். சிலர் கத்தி என்றால் கோயிலுக்கு நேர்த்தி வைத்துத் தப்பப் பார்ப்பார்கள். இழுபறியான இடத்தில் அதற்கும் புள்ளி உண்டு.

கண்டித் திகதியை இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம். ஒரு மாதம் தள்ளிப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவின் சீனி எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் அதை அதற்குள் சரிப்படுத்துங்கள். நான் அவரைப் பார்க்கவில்லை, வயிற்றைத் தொடவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் காய்ச்சலோடு வலது பக்கம் குத்தினாலோ, கண் மஞ்சளித்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ இந்தக் கொப்பி, திகதி எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.